திறக்காத கோப்பை அழித்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரத் தொழில்நுட்பப் பக்கத்தில் படித்த ஒரு வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. எந்தச் செயலியிலும் திறக்காத பழைய ஆடியோ, வீடியோ கோப்புகளை நீக்கிவிட்டு இடத்தை மிச்சப்படுத்தலாம் என்று யோசனை சொல்லியிருந்தீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் நான் அப்படிச் செய்திருந்தால், என் அப்பாவின் குரல் இன்று என்னிடம் இருக்காது.

நான் தட்டச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், கணினி நிபுணர் இல்லை. 2008இல் பட்டன் போனில் அப்பா பேசியதை அவ்வப்போது பதிந்து வைத்தேன். மொத்தம் 14 கோப்புகள், எல்லாப் பெயர்களின் கடைசியிலும் ஏஎம்ஆர் என்று இருக்கும். பழைய போன்கள் பேச்சைப் பதிந்த கோப்பு வகை அது. கணினியில் க்ளிக் செய்தால் 'இந்த வகைக் கோப்பைத் திறக்க முடியாது' என்ற பெட்டிதான் வரும். தெரிந்தவர் ஒருவர் பெயரின் கடைசியில் எம்பி3 என்று மாற்றிப் பார்க்கச் சொன்னார். மாற்றினேன். டப்பாவின் லேபிளை மாற்றினால் உள்ளே இருப்பது மாறிவிடுமா? இன்னொருவர் ஏதாவது இணையதளத்தில் ஏற்றி மாற்றிக்கொள்ளச் சொன்னார். வீட்டுப் பேச்சை முகம் தெரியாதவர்களிடம் கொடுக்க மனம் வரவில்லை.

கடைசியில் மகன் போனில் சொல்லச் சொல்ல, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்ட பழைய மடிக்கணினியில், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கறுப்புத் திரையான டெர்மினலைத் திறந்து தட்டினேன். முதலில் 'ஃபைல்' என்ற கட்டளை. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸில் 1973இலிருந்தே இருப்பது. அது பெயரைப் பார்த்து ஏமாறுவதில்லை, கோப்பின் தொடக்கத்தில் உள்ள சில பைட்டுகளைப் படித்து வகையைச் சொல்கிறது. ஏஎம்ஆர் கோப்பு ஹேஷ் குறி, ஆச்சரியக்குறி, அப்புறம் ஏஎம்ஆர் என்ற மூன்று எழுத்துகளோடுதான் தொடங்கும். நான் எம்பி3 என்று பெயர் மாற்றிவைத்ததையும் அது ஏஎம்ஆர் என்றே சொன்னது.

அடுத்தது எஃப்எஃப்எம்பெக். ஆடியோ, வீடியோ கோப்புகளை வகை மாற்றித் தரும் இலவச நிரல், ஃபாப்ரிஸ் பெல்லார்ட் என்ற நிரலாளர் 2000இல் தொடங்கியது. விஎல்சி போன்ற பிளேயர்களும் உள்ளுக்குள் இதன் பகுதிகளைத்தான் பயன்படுத்துகின்றன. நிரலின் பெயர், ஒரு இடைவெளி, சிறு கோடு போட்டு ஐ என்ற ஆங்கில எழுத்து, பழைய கோப்பின் பெயர், கடைசியில் நமக்கு வேண்டிய புதிய பெயர். அவ்வளவுதான். புதிய பெயரை வேவ் (பரவலாகத் திறக்கும் ஒலிக் கோப்பு வகை) என்று முடித்தால் அந்த வகையாகவே மாற்றித் தருகிறது.

முதல் முறை பிழைதான் வந்தது. கோப்புக்கு 'அப்பா 3' என்று பெயர் வைத்திருந்தேன். நடுவில் இருந்த இடைவெளியால் ஒரே பெயரை இரண்டாக எடுத்துக்கொண்டது. இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டதும் சரியாகிவிட்டது. ஒரு இடைவெளிக்காகப் பக்கம் முழுவதையும் திரும்ப அடித்தவள் நான், எனக்கு இது புதிதா என்ன! எங்கே எதை அமுக்குவது என்று படங்களுக்கு நடுவே தேடுவதைவிட, எழுதியதைச் செய்யும் இந்தக் கறுப்புத் திரை எனக்குப் பிடித்துப்போனது.

மாற்றினால் ஒலி மெருகேறும் என்று நினைக்க வேண்டாம். அந்தப் போன் ஒலியை நொடிக்கு 8,000 தடவை அளந்து மாதிரிகளாகப் பதிந்தது, இசைக் குறுந்தகட்டில் 44,100 இருக்கும். பதியாததை எந்தக் கட்டளையும் கொண்டுவராது. அதனால் மூலக் கோப்புகளையும் அப்படியே வைத்திருக்கிறேன்.

எல்லாமே திறந்தது என்றும் சொல்ல மாட்டேன். இந்தக் கோப்புகள் இருந்த அதே வட்டில் ஒரு குடும்ப வீடியோ இருப்பதாக நம்பியிருந்தேன். பார்த்தால் அது எடிட்டிங் மென்பொருளின் புராஜெக்ட் கோப்பு. எந்தக் காட்சி எந்த இடத்தில் வர வேண்டும் என்ற குறிப்புகள்தான் உள்ளே, படம் வேறெங்கோ இருந்திருக்கிறது. அப்பாவின் 14 கோப்புகளில் ஒன்றின் அளவு 0 பைட், அதாவது உள்ளே ஒன்றுமே இல்லை. அதற்கு மருந்து இல்லை.

மீதி 13உம் பேசுகின்றன. ஒன்றில் அப்பா, "இதுல பதியுதா இல்லையான்னு முதல்ல பாரு" என்கிறார்.

அந்த யோசனையைத் திருத்தி ஒரு சிறு குறிப்பு வெளியிட்டால் நல்லது. நீக்கும் முன் ஒரு தடவை ஃபைல் கட்டளையில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தட்டச்சர் ஒருவர்