அப்ரைசல் ஃபார்ம் நிரப்பப் போற என்ற மகளுக்கு

அம்மணி,

நேத்து நீ போன்ல பேசுனதுலருந்து எனக்கு அதே ரோசனைதான். "நான் செஞ்சதை நானே எழுதுனா பீத்திக்கற மாதிரி இருக்கும்மா"ங்கற, நீ எழுதலைன்னா வேற யாரு வந்து எழுதுவாங்க சொல்லு? போன ஆகஸ்ட்ல யாரு என்ன சோலி பாத்தாங்கன்னு மார்ச்ல உக்காந்து ஞாபகம் வெச்சிருக்கறதுக்கு உன்ற மேனேஜருக்கு என்ன வேற வேலையே இல்லையா.

திருப்பூர்ல நான் செக்கிங்ல இருந்தப்ப, டையிங்லருந்து துணி வந்ததும் ரவுண்டா ஒரு துண்டு வெட்டி எடை போடுவோம், அந்த கட்டர் சரியா நூறு சதுர சென்டிமீட்டர் வெட்டும், வர்ற கிராமை நூறால பெருக்குனா ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கறது. பையர் 180 கேட்டிருப்பான், 165 வந்து நிக்கும். தெரியாம கட்டிங் போட்டுட்டா அந்தத் துணியை டையிங்காரன் திருப்பி எடுக்க மாட்டான், நட்டம் நம்ம தலையில. அப்ப நான் போயி "என்னாலதான் கம்பெனி பொழைச்சுது"ன்னா சொன்னேன்? "சார், இந்த லாட்டு 165தானுங்க வருது, கட்டிங்கை நிறுத்தச் சொல்லிட்டேனுங்க, மொதல்ல பாத்துச் சொன்னது நம்ம ஹெல்ப்பர் புள்ளதானுங்க"ம்பேன், அன்னைக்கே ரிஜிஸ்டர்லயும் ஏத்திருவேன். பின்னாடி லைன் இன்சார்ஜ் போடறப்ப மேனேஜர் பொரட்டுனது அந்த ரிஜிஸ்டரைத்தான். பக்கத்து டேபிள்ல ஒருத்தி, வேலை சுத்தமா இருக்கும், ஆனா டீ டைம்ல "நான் இல்லைன்னா இந்த செக்‌ஷனே ஓடாது"ன்னு ஆரம்பிச்சான்னா அல்லாரும் டம்ளரைத் தூக்கிக்கிட்டு நகந்துருவாங்க.

ரிப்போர்ட் ஓட மூணு மணி நேரம் ஆனது இப்ப இருவது நிமிசம்னு சொன்னியல்ல, அதை அப்படியே போடு, எப்படிக் கொறைச்சேன்னு ஒரு வரி, கூட இருந்த பையன் என்ன செஞ்சான்னு ஒரு வரி. "கடுமையா ஒழைச்சேன்"னு எழுதாத, அதை எல்லாரும்தான் எழுதுவாங்க. எல்லாத்துக்கும் "நாங்க நாங்க"ன்னு போட்டு ஒளிஞ்சுக்கவும் வேண்டாம், உன்ற பங்கு எதுன்னே தெரியாமப் போயிரும். அந்த டீம் லீடு, மீட்டிங்ல உன்ற வேலையைத் தன்னுதாட்டம் காட்டுனானே, அதுக்கு சண்டைக்குப் போகாத, இனிமே ஒரு வேலை முடிஞ்சா அன்னைக்கே ரெண்டு வரி மெயில், மேனேஜரையும் சேத்து.

உங்கப்பாரு "நல்லாச் செஞ்சா தானாத் தெரியும்"ங்கறாரு. அவரு ஈரோடு மார்க்கெட்டுக்கு மஞ்சள் கொண்டு போற ஆளு, வாங்கறவன் ஒடைச்சு நெறத்தைப் பாத்துட்டு வெலை சொல்லுவான், கம்ப்யூட்டருக்குள்ள நீ பண்ணுனதை யாரு ஒடைச்சுப் பாக்கறாங்க?

வெள்ளிக்கெழமைக்குள்ள குடுக்கோணும்னியே, ஊருக்கு வந்து எழுதிக்கலாம்னு தள்ளாத கண்ணு, இன்னைக்கு சோறு உண்டுட்டு உக்காந்து முடிச்சுரு.

அம்மா