கையெழுத்துப் போட்டுவிட்டேன், அப்பா

சாண்ட்லர், அரிசோனா
8.12.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீங்கள், அம்மா, ஆச்சி எல்லோரும் நலம்தானே? இங்கே வெயில் ஒருவழியாகத் தணிந்து, காலையில் ஸ்வெட்டர் போட வேண்டியிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் சொன்னது மனத்தைவிட்டுப் போகவில்லை. "ஆட்களைப் பிடித்துக்கொண்டு போவதை டிவியில் காட்டுகிறார்கள். நீங்கள் முறையாக விசா வாங்கிப் போனவர்கள், உங்களுக்கு ஒன்றும் வராது. அந்தப் பக்கம் தலை காட்டாதே" என்றீர்கள். சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் அதற்கு நான்கு நாள் முன்பே ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்காவைக் குடிவரவு அதிகாரிகள் பிடித்துக்கொண்டு போய்விட்டால், அவருடைய இரண்டு பிள்ளைகளையும் பள்ளியிலிருந்து கூட்டி வரவும், காய்ச்சல் என்றால் டாக்டரிடம் காட்டவும் எனக்கு உரிமை தருகிற பத்திரம். இந்த மாநிலச் சட்டப்படி ஆறு மாதம் வரை செல்லும். உங்களிடம் மறைத்தது தவறு. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அக்கா மெக்சிகோவின் சொனோராவிலிருந்து வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. வீடுகளைச் சுத்தம் செய்யும் வேலை. இங்கே தங்குவதற்கான எந்தத் தாளும் கையில் இல்லை. நாங்கள் குடிவந்த முதல் டிசம்பரில் ஒரு தட்டை மூடிக் கொண்டுவந்து கொடுத்தார். மக்காச்சோள மாவைக் கதிரின் காய்ந்த மடலில் பொதிந்து ஆவியில் அவித்தது, தமாலே என்கிறார்கள். நான் இறைச்சி சாப்பிடமாட்டேன் என்று யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு, மிளகாயும் பாலாடைக்கட்டியும் வைத்துச் செய்திருந்தார். மடலைப் பிரித்தபோது எழுந்த ஆவியில் எனக்குத் திருக்கார்த்திகை வந்துவிட்டது. குருத்தோலைக்குள் கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் வேகும் நம் அடுக்களை. போன வாரம் கார்த்திகைக்கு நான் கொழுக்கட்டை அவித்தேன். பனையோலைக்கு எங்கே போவது? அக்கா கொடுத்த சோள மடலில்தான் பொதிந்தேன். அவருடைய பிள்ளைகள் ஆளுக்கு நான்கு தின்றார்கள்.

எனக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு நாள் கண்ணால் பார்த்தேன். இங்கே பள்ளி வாசலில் கார் பதினைந்து மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. நான் கவனிக்காமல் வேகமாகப் போய்விட்டேன். பின்னால் போலீஸ் வண்டி விளக்கு சுழன்றது. பக்கத்து இருக்கையில் அக்கா. இந்த மாநிலத்தில் 2010-இல் ஒரு சட்டம் வந்தது. யாரையாவது வேறு காரணத்துக்காக நிறுத்தும்போது, அவர் அனுமதியின்றி இருக்கிறார் என்று தக்க சந்தேகம் வந்தால் அதைப் போலீஸ் விசாரிக்க வேண்டும் என்றது. 2012-இல் உச்ச நீதிமன்றம் வழக்குக்கு வந்த நான்கு பிரிவுகளில் மூன்றை வெட்டியது. இதை மட்டும் நிற்கவிட்டது. அரிசோனா டிரைவிங் லைசென்ஸ் வைத்திருப்பவரை முறைப்படி இருப்பவர் என்றே எடுத்துக்கொள்வார்கள். அக்காவைப் போன்றவர்களுக்கு அந்த லைசென்ஸையே மாநிலம் கொடுப்பதில்லை. போலீஸ்காரர் மரியாதையான இளைஞர். என் லைசென்ஸைப் பார்த்தார், எச்சரித்தார், போகச் சொன்னார். அக்காவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீடு வந்து சேரும்வரை அவர் கைகள் நடுங்கிக்கொண்டே இருந்தன. காரை விட்டு இறங்கியபோதுதான் பத்திரத்தைப் பற்றிக் கேட்டார்.

இந்த ஆண்டு ஜனவரியில் பள்ளி, தேவாலயம், மருத்துவமனைகளில் ஆட்களைப் பிடிப்பதற்கு இருந்த கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து அக்கா பூசைக்குப் போவதில்லை. கடையில் ஸ்பானிஷ் பேசாதே என்று பிள்ளைகளை அடக்குகிறார். நானோ கடையில் என் மகளிடம் தமிழில் பேசு என்று வற்புறுத்துகிறேன்! நாங்கள் இருக்கும் இந்த மண் 1848 வரை மெக்சிகோவாக இருந்தது. ஸ்பானிஷ் மொழி இங்கே நேற்று வந்ததல்ல. என் தமிழ்தான் நேற்று வந்தது. ஆனாலும் வாயை மூட வேண்டியவர் அவர்.

அப்பா, உங்களுக்குக் கோபம் வரலாம். நமக்கு ஒன்றும் வராது என்று நீங்கள் சொன்னபோது எனக்கு ஆச்சிதான் நினைவுக்கு வந்தார். இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில், கூலிக் குடியிருப்பில் பிறந்தவர். 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது ஆச்சிக்குப் பத்து வயது. அங்கே பிறந்தது மட்டும் போதாது, தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றார்கள். வள்ளியூரிலிருந்து, தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியின் பின்னால் போன ஆச்சியின் அப்பா அதற்கு எங்கே போவார்? 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, ஆச்சியைப் போன்றவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பாகம் பிரித்தார்கள். அந்தப் பாகத்தில் ஆச்சி இந்தப் பக்கம் வந்தார், ஆச்சியின் தங்கை அந்தப் பக்கம் நின்றார். தலைமன்னாருக்குப் போன ரயிலை அழுகைக் கோச்சி என்பார்கள் என்று நீங்கள்தானே எனக்குச் சொன்னீர்கள்? அதில் நீங்களும் இருந்தீர்கள், பன்னிரண்டு வயதில். அங்கே ஆச்சியைக் கள்ளத்தோணி என்றார்கள். வள்ளியூருக்கு வந்த பிறகு சிலோன்காரி என்றார்கள். ஆச்சி எந்தத் தோணியிலும் ஒளிந்து போனவர் இல்லை.

அக்காவின் பிள்ளைகள் இருவரும் இங்கே பிறந்தவர்கள். 1868 முதல் இருக்கும் அரசியல் சட்டத் திருத்தத்தின்படி இந்த நாட்டுக் குடிமக்கள். ஆச்சிக்குக் கிடைக்காதது அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. தாய்க்கு இல்லை. அந்த வீட்டிலும் ஒரு கோச்சி புறப்பட்டுவிடக் கூடாதே என்று பயமாக இருக்கிறது. அப்படியே புறப்பட்டாலும் பிள்ளைகள் தனியே நிற்கக் கூடாது.

மாப்பிள்ளைக்குத் தெரியும். முதலில் தயங்கினார். கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துப் பத்தாண்டாக வரிசையில் நிற்கிறோம், இடையில் வம்பு வருமோ என்று கேட்டார். வக்கீலிடம் விசாரித்தோம், இதில் குற்றம் ஏதும் இல்லை என்றார். பிறகு அவரே நோட்டரியிடம் காரில் கூட்டிப்போனார். நாங்கள் வெளியே கிளம்பும்போதெல்லாம் பாஸ்போர்ட் நகலும், முறையாக நாட்டுக்குள் வந்ததைக் காட்டும் ஐ-94 தாளும் பையில் இருக்கின்றன. எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இந்தக் கடிதத்தை ஆச்சிக்கு வாசித்துக் காட்டுங்கள். என்ன சொல்கிறார் என்பதை அப்படியே எழுதுங்கள், திட்டினாலும் சரி. இலங்கையிலிருந்து திரும்பியவர்களை முதலில் தங்கவைத்த மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை ஆச்சியின் ட்ரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் இருக்கும். ஆச்சி சம்மதித்தால் அதைப் படம் எடுத்து அனுப்புங்கள். அக்காவிடம் அதைப் பற்றிச் சொன்னேன். பார்க்க வேண்டும் என்கிறார். யாராவது இந்தப் பக்கம் வந்தால் உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோ கொடுத்து அனுப்பச் சொல்லி அம்மாவிடம் சொல்லுங்கள். இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்