செயலாளரின் ஆண்டறிக்கை: உறுப்பினர் தரவுத்தளத்தை வரைபடமாக்கிய பணி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, தண்டையார்பேட்டையில் நம் தெருக்களின் குடியிருப்போர் நலச் சங்க உறுப்பினர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தம் அறிக்கையில் படிக்கவிருப்பதாலும், கொசு மருந்து, தெருவிளக்கு மனுக்கள் வழக்கம்போல் நடந்திருப்பதாலும், இவ்வறிக்கையில், உறுப்பினர் விவரங்களைக் கணினியில் அட்டவணைகளாகச் சேமித்து வைத்திருக்கும் நம் தரவுத்தளத்தின் அமைப்பை வரைந்து காட்டும் மென்பொருளைத் தேடிய பணியை மட்டும் விரிவாகக் கூறுகிறேன்.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் அரிசியும் பாலும் வழங்கக் கணினியிலிருந்து எடுத்த பட்டியலில் ஒரு கதவெண்ணுக்கு ஒரு குடும்பமே இருந்தது. ஒரே கதவெண்ணுக்குள் ஐந்தாறு ஒண்டுக்குடித்தனங்கள் வாழும் நம் பகுதியில், பெயர் விடுபட்ட தாய்மார்கள் முழங்கால் நீரில் நின்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. தரவுத்தளத்தை அமைத்துக் கொடுத்த தம்பி வெளியூர் போய்விட்டார். அவரிடம் குறிப்பு எழுதி வாங்காதது நம் தவறே. எந்த அட்டவணை எதனோடு சேர்கிறது என்பதை ஒரே தாளில் பார்க்க வேண்டும் என்று சென்ற பேரவையில் தீர்மானித்தோம்.

முதலில் மைஎஸ்கியூஎல் வொர்க்பெஞ்ச் என்னும் இலவச மென்பொருளை நிறுவினோம். இருக்கும் தரவுத்தளத்தைப் படித்துத் தானே படம் வரையும் வசதி அதில் உண்டு. அட்டவணைக்கு ஒன்றாகப் பதினான்கு கட்டங்கள் வந்தன. அவற்றை இணைக்கும் கோடு ஒன்றுகூட வரவில்லை. மென்பொருளில் கோளாறு என்றே முதலில் எண்ணினோம். அட்டவணைகள் மைஐசாம் என்னும் சேமிப்பு வகையில் இருந்ததே காரணம் எனப் பின்னர் அறிந்தோம். அவ்வகை, அயல் சாவி எனப்படும் இணைப்பு விதிகளைச் சேமித்து வைப்பதில்லை. அறிவிக்கப்படாத உறவை எந்த மென்பொருளும் உறுதியாக வரைய இயலாது.

அடுத்து ஸ்கீமாஸ்பை என்னும் திறமூல மென்பொருளை முயன்றோம். புலங்களின், அதாவது அட்டவணைப் பத்திகளின், பெயரும் வகையும் ஒத்திருந்தால் உறவை அது ஊகித்து வரையும். சந்தா ரசீதையும் உறுப்பினரையும் சரியாகவே இணைத்தது. ஆனால் ஓர் அட்டவணையில் கதவெண் என்றும் மற்றொன்றில் வீட்டு எண் என்றும் இருந்த புலங்களை, நமக்கு மிகவும் தேவையான அந்த இணைப்பை, அதனால் கண்டுகொள்ள முடியவில்லை. இணையத்திலேயே இயங்கும் வரைகருவிகளுக்கு அமைப்பை மட்டும் கொடுத்தால் போதும் என்றாலும், உறுப்பினரின் கைபேசி எண்கள் தவறிப் போய்விடக் கூடாது என்பதால் நான் இசையவில்லை.

ஆகவே அட்டவணைகளை இணைப்பு விதிகளைச் சேமிக்கும் இன்னோடிபி வகைக்கு மாற்றி, அயல் சாவிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். உரிய உறுப்பினர் பதிவு நீக்கப்பட்டுவிட்ட பழைய ரசீதுகள் இருந்தவரை கணினி அதை ஏற்கவில்லை. நம் இளைஞர்கள் இரண்டு மாதம் மாலை நேரங்களில் ரசீதுப் புத்தகங்களைப் புரட்டி அவற்றைச் சரிசெய்தார்கள். இவ்வாண்டின் மிகப் பெரிய உழைப்பு அதுவே, அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

பின்னர் வொர்க்பெஞ்சில் மீண்டும் எடுத்த படம்தான் இந்த அறையின் சுவரில் இருப்பது. ஒரு கோட்டின் முனை காக்கைக் கால்போல் மூன்றாகப் பிரிந்தால், அந்தப் பக்கத்தில் பல பதிவுகள் இருக்கலாம் என்று பொருள். உறுப்பினரிலிருந்து ரசீதுக்குச் செல்லும் கோடு அப்படிப் பிரிகிறது. வீட்டிலிருந்து உறுப்பினருக்குச் செல்லும் கோடோ பிரியாமல் ஒன்றாகவே நிற்கிறது. வெள்ளத்தன்று விடுபட்ட குடும்பங்களுக்கு இடமில்லாமல் போனது அங்கேதான்.

மென்பொருளுக்குச் செலவு ஏதுமில்லை. படத்தை அச்சிட்ட தொகை மட்டும் கணக்கில் உள்ளது. வீட்டுக்கும் உறுப்பினருக்கும் இடையே குடும்பம் என்னும் புதிய அட்டவணையைச் சேர்க்கவும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒண்டுக்குடித்தனங்களை நேரில் சென்று பதிவு செய்யவும் பேரவையின் ஒப்புதலைப் பணிவுடன் கோருகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்