தலையில் கட்டிய துண்டு

நாகர்கோவில்,
மாசி 23

அன்புள்ள மணிக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டது. பதில் எழுதத் தாமதமானதற்குக் கண் ஆபரேஷன்தான் காரணம் என்று சொல்லிவிடலாம். உண்மையில் உன் கேள்விக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் வைத்திருந்தேன். வலது கண் இப்போது பரவாயில்லை. சொட்டு மருந்து இன்னும் இரண்டு வாரம். சரசுவுக்கு முழங்கால் வலி, மற்றபடி நலம்.

"கடவுளை விட்டால்தான் சாதி போகும், இந்த வயதிலாவது ஒப்புக்கொள்" என்று எழுதியிருக்கிறாய். விடுதி மொட்டை மாடியில் நீ கேட்ட அதே கேள்வி. அன்று நான் பதிலுக்கு நந்தனாரையும் திருப்பாணாழ்வாரையும் அடுக்கினேன். நீ பீடியை அணைத்துவிட்டு, "அவர்களை உன் வீட்டுக்குள் விடுவாயா?" என்றாய். நான் கோபித்துக்கொண்டு கீழே இறங்கிப் போனேன். இப்போது யாரையும் அடுக்கத் தோன்றவில்லை. மூன்று நாளைக்கு முன் ஓர் இடத்துக்குப் போய் வந்தேன், அதைச் சொல்கிறேன்.

சாமித்தோப்பு, சாதிக் கொடுமையை எதிர்த்த அய்யா வைகுண்டரின் கோயில் இருக்கும் ஊர். சிரிக்காதே. பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம்; எனக்கு 72 வயதாகும்வரை அந்த வழி தெரியவில்லை. மாசி 20 அய்யா வைகுண்டர் அவதார நாள். நாகராஜா கோயில் திடலிலிருந்து காவிக் கொடியும் முத்துக்குடையுமாக ஊர்வலம் கிளம்பும். ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். மாவட்டத்துக்கே விடுமுறை என்பதால் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியும் இருக்கிறேன். என்னோடு 22 ஆண்டுகள் கணக்குப் பாடம் எடுத்த ஆசிரியர் ஒவ்வொரு மாசியிலும் கூப்பிடுவார். நானும் தவறாமல் ஏதாவது ஒரு சாக்குச் சொல்வேன். கார்த்திகையில் அவர் காலமாகிவிட்டார். இந்த முறை அவருடைய மகன் வாசலில் வந்து நின்றபோது சாக்கு எதுவும் வாயில் வரவில்லை.

வைகுண்டர் 1809இல் பிறந்தபோது பெற்றோர் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். மேல்சாதிக்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை; முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டியதாயிற்று. ஏழைக் குழந்தையின் பெயரில்கூட முடி இருக்கக் கூடாதென்றால் அந்தக் காலத்துத் திருவிதாங்கூரை நீயே நினைத்துக்கொள். தலைக்கு வரி, பனையேறும் ஏணிக்கு வரி, கூலியில்லாத ஊழியம். பெண்கள் மாரை மறைக்கப் பட்டபாடு உனக்குத் தெரியும். 1859இல் அரசு அனுமதி கொடுத்தபோதும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தது. வைகுண்டர் அதைப் பார்க்கவில்லை, 1851இலேயே போய்விட்டார். அதற்கு முன்பே மன்னர் அவரைத் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்துப் பார்த்தாயிற்று.

நான் சொல்ல வந்தது துண்டு விஷயம். சுசீந்திரத்தில் நாம் சட்டையைக் கழற்றி, துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, உடம்பைக் குறுக்கி நிற்போமே. (அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் ஒதுக்கப்பட்ட சாதிக்காரர்கள் நடக்கவே 1926இல் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது.) சாமித்தோப்பிலும் சட்டையைக் கழற்றச் சொல்கிறார்கள். ஆனால் துண்டு தலைக்குப் போக வேண்டும். தலைப்பாகை கட்டாமல் ஆண்கள் உள்ளே போகக் கூடாது. மேலாளைக் கண்டால் துண்டைக் கக்கத்தில் இடுக்க வேண்டியிருந்தவர்களைப் பார்த்து, சாமிக்கு முன்னால் அதைத் தலையில் கட்டிக்கொண்டு வா என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். எனக்குக் கட்டத் தெரியவில்லை. இரண்டு முறை அவிழ்ந்து விழுந்தது. பத்து வயதுப் பையன் ஒருவன், "குனியுங்க தாத்தா" என்று இழுத்துக் கட்டிவிட்டான்.

உள்ளே சிலை இல்லை. விளக்கும் கண்ணாடியும்தான். கும்பிட்டால் எதிரே தலைப்பாகையோடு ஒரு கிழவன் நிற்கிறான். கொஞ்சம் அசட்டுத்தனமாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். வெளியே முத்திரிக்கிணறு. தண்ணீருக்கே தீட்டுப் பார்த்த காலத்தில் எல்லாச் சாதிக்காரரும் ஒன்றாக நீர் எடுத்துக் குளித்த கிணறு. ஆசிரியரின் மகன் உள்ளங்கையில் ஊற்றினான், குடித்தேன். குடிக்கும்போது அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. கொல்லைப்புறத் திண்ணையில் அவள் தனியாக வைத்திருந்த அலுமினியத் தம்ளரும் வந்தது.

இந்த மனிதர் உன் கட்சிக்கு ஆகமாட்டார், மணி. நாராயணனின் அவதாரம் என்றுதான் அவரைக் கும்பிடுகிறார்கள். பழைய என் கட்சிக்கும் ஆகமாட்டார். சிலையை வேண்டாம் என்றார், காணிக்கையை வேண்டாம் என்றார். கடவுள் உண்டா என்ற வாதத்தில் அவர் நின்றதாகவே தெரியவில்லை. துண்டை எங்கே கட்டுவது, எந்தக் கிணற்றில் குளிப்பது, யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்று கையால் செய்கிற காரியத்தையே பிடித்துக்கொண்டார். அவரையும் இன்று என் வீட்டிலேயே "அவர்கள் சாமி" என்று சொல்கிறார்கள் என்பது வேறு கதை.

நாம் இருவரும் ஐம்பது ஆண்டுகள் வாயாலேயே பேசியிருக்கிறோம். உன் மகனுக்கு நீ வரன் தேடியபோது எனக்கு எழுதிய கடிதம் இன்னும் பெட்டியில் இருக்கிறது. தாலி வேண்டாம், ஐயர் வேண்டாம், நல்ல நேரம் வேண்டாம் என்று எழுதிவிட்டு, கடைசி வரியில், "நம் பக்கத்தில் நல்ல இடம் ஏதாவது இருந்தால் சொல்" என்று முடித்திருந்தாய். நானும் நம் பக்கத்திலேயே பார்த்துச் சொன்னேன். என் மகளுக்கும் அப்படித்தான். கடவுள் விஷயத்தில் ஒத்துப்போகாத நமக்குள் அன்று சின்னப் பேச்சுவார்த்தைகூட நடக்கவில்லை. உன்னைக் குத்த எழுதவில்லை. அந்த ஆசிரியர் வீட்டில் நான் காப்பி குடித்ததை எவ்வளவு பெருமையாக உனக்கு எழுதினேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். 22 ஆண்டுகளில் ஒரு வேளை சோறு அங்கே சாப்பிட்டதில்லை. அவர் கேட்காமலும் இல்லை.

அன்று மத்தியானம் அவருடைய வீட்டில் சாப்பிட்டேன். அவருடைய மனைவி பரிமாறினார். மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் வைத்திருந்தார்கள். எனக்காகத் தனியாகப் பருப்பும் வைத்திருந்தார்கள். அந்தப் பருப்புதான் தொண்டையில் இறங்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தலைப்பாகை அப்படியே இருந்தது. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை; நானும் மறந்துவிட்டேன். நம் தெரு முனையில் இறங்கி நாலடி வைத்ததும் ஞாபகம் வந்தது. அவிழ்த்து, மடித்து, தோளில் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் போனேன். சரசு, "துண்டெல்லாம் கசங்கியிருக்கிறதே" என்றாள். வெயில் என்று சொன்னேன்.

சித்திரையில் வருவதாக எழுதியிருக்கிறாய். தேதியை முன்பே சொல். மாடி அறையில் ஃபேன் ஓடவில்லை, ஆள் கூப்பிட வேண்டும். அந்தப் பழைய கடிதத்தை எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
முருகேசன்