பெயர்ப் பலன்

அன்புள்ள கோமதி,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இத்தனை நாள் எழுதவில்லையே என்று நீ திட்டுவதற்குள் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

வசந்தாவின் பேத்திக்குப் போன வாரம் பெயர் சூட்டினார்கள். அத்தைக்காரி குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்லி முடித்தாள். பந்திக்கு நேரம் இருந்தது. வசந்தா நம் விடுதிக் காலத்துப் பெயர்ப் பலனை ஆரம்பித்துவிட்டாள், அதே ஜோதிடர் இழுவையோடு. சாந்தி என்று பெயர் வைத்தால், பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் ஊர் வந்து சேரும்வரை முகத்தைத் தூக்கி வைத்திருப்பாளாம். லட்சுமியிடம் கடன் கேட்கப் போனால் நாம்தான் கொடுத்துவிட்டு வருவோமாம். மீனாட்சி எந்த வீட்டுக்குப் போனாலும் நேரே அடுப்படிக்குள் நுழைந்து குழம்புச் சட்டியின் மூடியைத் திறந்து பார்ப்பாளாம். அங்கே நான்கு மீனாட்சிகள் இருந்தார்கள். மற்ற மூவரைத்தான் சொல்கிறாள் என்று நால்வருமே சிரித்தார்கள்! நீ இருந்திருக்க வேண்டும். வார்டனம்மா பெயருக்கு நீ சொன்ன பலனை இன்றுவரை யாராலும் மிஞ்ச முடியவில்லை.

மூலையில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண் நிமிராமலே கேட்டாள்: "என் பெயருக்கும் சொல்லுங்கள் அம்மா. போதும்பொண்ணு."

வசந்தாவுக்கே வாயடைத்துவிட்டது.

அவள் நான்காவது பெண்ணாம். "எனக்கு அடுத்துத் தம்பி பிறந்தான். பெயர் பலித்துவிட்டது என்று ஆத்தா சொல்வாள்" என்றாள், நாரை இழுத்து முடிச்சுப் போட்டபடியே. அவள் பூ அளப்பதை நான் முதலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். முழம் முடிந்த இடத்தில் நறுக்க மாட்டேன் என்கிறாள். நான்கு விரல் தள்ளித்தான் நறுக்குகிறாள், ஒவ்வொரு முறையும். அதையே அவளுக்குப் பலனாகச் சொன்னேன். "அது உண்மைதான்" என்று சிரித்தாள்.

ஆனால் கோமதி, எனக்கு மனம் ஆறவில்லை. சாந்தியை நாம் கேலி செய்வது அவளோடு கூடவே இருந்து பார்த்த உரிமையில். இவளுக்கோ, முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் பிறந்த அன்றே பலன் எழுதிவிட்டார்கள். ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் வாக்குச்சாவடியிலும் அதை உரக்கக் கூப்பிடுகிறார்கள். திருத்தணிப் பக்கத்தில் 'வேண்டாம்' என்றே பெயர் வைக்கப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் இதே கொடுமைக்கு 'நகுசா' என்று பெயர். அங்கே சதாரா மாவட்டத்தில் 2011 அக்டோபரில் விழா எடுத்து 285 பெண்களுக்குப் பெயரை மாற்றினார்கள். புதுப் பெயர் எழுதிய சான்றிதழும் கையில் கொடுத்தார்கள். இங்கே நாம் ஒருத்திக்காவது செய்யக் கூடாதா?

புறப்படும்போது அவளைத் தனியாக அழைத்துக் கேட்டேன். மாற்றிக்கொள்ள ஆசைதானாம். பெயர்கூட யோசித்து வைத்திருக்கிறாள்: தேன்மொழி. அரசிதழில் வெளியிட வேண்டும் என்பது வரை எனக்குத் தெரியும். உன் மருமகளுக்கு நீதானே அலைந்து முடித்துக் கொடுத்தாய்? எந்தெந்தச் சான்றுக்கு நகல் வேண்டும், கட்டணம் எவ்வளவு, அதன் பிறகு ஆதாரையும் ரேஷன் அட்டையையும் எந்த வரிசையில் மாற்றுவது, எல்லாவற்றையும் விவரமாக எழுது. செலவை நானும் வசந்தாவும் பார்த்துக்கொள்கிறோம்.

கோமதி என்ற பெயருக்கும் வசந்தா ஒரு பலன் சொன்னாள். கேட்டால் அடுத்த பஸ்ஸைப் பிடித்துச் சண்டைக்கு வருவாய். நான் கேட்ட விவரம் வந்து சேரட்டும், பிறகு எழுதுகிறேன்.

அன்புடன்,
ரேவதி