காரைக் கொண்டுவந்து கொடுத்தவருக்கு

அன்புள்ள ஐயா,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. அன்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. 2020 ஏப்ரல் 16, வியாழக்கிழமை, மதியம் ஒன்றரை மணி வாக்கில் லண்டன் ஹாரோவில் ஒரு வீட்டு வாசலில் சாம்பல் நிற அவுட்லேண்டர் காரைக் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். அந்த வீட்டில் இருந்த நர்ஸ் நான்தான்.

அந்தக் காருக்கு நாங்கள் பிப்ரவரியிலேயே பணம் கட்டியிருந்தோம். மார்ச்சில், 2020-இல் பதிவான கார் என்று காட்டும் புது '20' எண் தகடு வரும், அதோடு எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்கு. முழு மின்சாரக் கார் வாங்கத் தைரியம் வரவில்லை. மகன் நியூகாசிலில் படித்துக்கொண்டிருந்தான், ஒரு தடவை போவதற்கே 270 மைலுக்கு மேல். ஆனால் என் மருத்துவமனை வீட்டிலிருந்து ஆறே மைல். பிளக்-இன் ஹைப்ரிட்டில் ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் 28 மைல் மின்சாரத்திலேயே ஓடும், தினமும் போய்வர அது தாராளம், தூரப் பயணத்துக்குப் பெட்ரோல் இருக்கிறது. இப்படி யோசித்துத்தான் முடிவு செய்தோம். பழைய காரையும் நல்ல விலை வந்ததென்று முன்கூட்டியே விற்றுவிட்டோம்.

மார்ச் 23 இரவு பிரதமர் தொலைக்காட்சியில் வந்து எல்லோரும் வீட்டிலேயே இருங்கள் என்றார். ஷோரூம் மூடிவிட்டது. எங்களிடம் பழைய காரும் இல்லை, புதுக் காரும் இல்லை. மூன்று வாரம் இரவு டியூட்டிக்குப் பேருந்தில் போய்வந்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு, காலையில் அதே பேருந்தில் ஏறி, ஓட்டுநருக்குப் பின்னால் முடிந்த மட்டும் தள்ளி உட்காருவேன். லண்டன் பேருந்து ஓட்டுநர்கள் பலர் அந்த வசந்தத்தில் தொற்றில் இறந்துபோனார்கள். என் மூச்சு யாருக்கு என்ன செய்யுமோ என்ற பயம் வீடு வரும்வரை விடாது. கடைசியில் ஷோரூமுக்கு போன் செய்து மருத்துவமனையில் வேலை என்று சொன்னதும், வீட்டுக்கே அனுப்புகிறோம் என்றார்கள். அந்த ஏப்ரலில் நாடு முழுவதும் பதிவான புதுக் கார்கள் மொத்தமே 4,321. முந்தைய ஏப்ரலைவிட 97.3 சதவீதம் குறைவு, 1946-க்குப் பிறகு இவ்வளவு குறைந்த மாதமே இல்லை என்று பிறகு படித்தேன். அதில் ஒன்றை நீங்கள் எனக்காக ஓட்டிக்கொண்டு வந்தீர்கள்.

நீங்கள் இறங்கியதும் செய்த ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது. கையுறை மாட்டிக்கொண்டு ஸ்டியரிங், கியர், கதவுப் பிடி எல்லாவற்றையும் ஈரத் துணியால் துடைத்தீர்கள். சாவியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு பானெட் மேல் வைத்துவிட்டு நடைபாதைக்குப் பின்வாங்கினீர்கள். கையெழுத்து வேண்டாம் என்று சொல்லி, கார் பக்கத்தில் நிற்கும் என்னைப் படம் எடுத்துக்கொண்டீர்கள். அப்புறம், என் எண்ணுக்கு போன் செய்துவிட்டு, நான் காருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார, நீங்கள் தெருவோரச் சுவரில் உட்கார்ந்து பாடம் நடத்தினீர்கள். கண்ணாடிக்கு அப்பால் உங்கள் வாய் அசைய, குரல் என் கைபேசியில் கொஞ்சம் பிந்தி வந்தது.

அவசரமே படவில்லை நீங்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் இதழ் போன்ற இரண்டு நெம்புகோல்களை எப்படி இழுத்தால் வேகம் குறையும்போது பேட்டரிக்கு மின்சாரம் திரும்பும் என்று இரண்டு முறை சொன்னீர்கள். வீட்டுச் சாதாரண பிளக்கிலேயே ஐந்தரை மணி நேரத்தில் சார்ஜ் ஏறிவிடும், ஆனால் எக்ஸ்டென்ஷன் வயரை உருளையில் சுற்றியபடி வைத்து மாட்டாதீர்கள், சூடாகி உருகிவிடும் என்றீர்கள். இன்னொன்றும் சொன்னீர்கள். குட்டிக் குட்டிப் பயணமாகவே ஓட்டினால் பெட்ரோல் அப்படியே கிடந்து கெட்டுப்போகும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பதினைந்து லிட்டராவது போடுங்கள், போடாவிட்டால் ஒரு நாள் இன்ஜின் தானாக ஓட ஆரம்பிக்கும், பயந்துவிடாதீர்கள் என்று. அதை நான் சரியாகக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

புதுக் கார் எடுத்தால் ஹைகேட் முருகன் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜை போடுவது எங்கள் வழக்கம். கோயிலும் மூடியிருந்தது. மாடி ஜன்னலிலிருந்து என் மாமியார், அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வை என்று சத்தம் போட்டார். நான்கு பழம் வைத்து நசுக்கி ஓட்டும்வரை நீங்கள் பொறுமையாக நின்றீர்கள்.

பிறகுதான் அது நடந்தது. காரிலிருந்து ட்ரேட் பிளேட்டைக் கழற்றினீர்கள், கார் வியாபாரத்தில் இருப்பவர்கள் தற்காலிகமாக மாட்டும் எண் தகடு அது, வெள்ளைத் தகட்டில் சிவப்பு எழுத்து. அதைப் பைக்குள் செருகிக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, பாத்ரூமை உபயோகித்துக்கொள்ளலாமா என்று கேட்டீர்கள்.

முடியாது, மன்னியுங்கள் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பரவாயில்லை, புரிகிறது என்று சொல்லிவிட்டு நடந்துபோனீர்கள்.

ஐயா, அன்று சொல்லாததை இப்போது சொல்கிறேன். அத்தைக்கு மாற்றுச் சிறுநீரகம். வீட்டை விட்டு வெளியே வரவே கூடாது, யாரையும் நெருங்க விடக் கூடாது என்று அரசாங்கத்திடமிருந்து கடிதம் வந்திருந்தது. மாடியில் அவரும் என் கணவரும். கீழே ஓர் அறையில் நான் மட்டும், என் தட்டும் டம்ளரும்கூடத் தனி. மாடிக் குளியலறைக்குள் உங்களை விட்டால் அத்தைக்கு ஆபத்து. கீழே இருந்தது நான் கோவிட் வார்டிலிருந்து வந்து உடை மாற்றிக் குளிக்கும் இடம், அதற்குள் விட்டால் உங்களுக்கு ஆபத்து. இதைச் சொல்ல நான்கு வாக்கியம் போதும். எனக்கு வாய் வரவில்லை. வீடு தேடி வந்தவரை வாசலோடு அனுப்பிப் பழக்கமில்லாததால் கூச்சத்தில் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சாயங்காலம் அத்தை மாடிப்படியின் உச்சியில் நின்று கேட்டார், "அந்த மனுஷனுக்கு ஒரு வாய் தண்ணியாவது குடுத்தியாம்மா?" இல்லை என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இரவு எட்டு மணிக்குத் தெரு முழுக்க வாசலுக்கு வந்து கைதட்டியது. வியாழக்கிழமை அல்லவா, மருத்துவப் பணியாளர்களுக்கு நன்றி சொல்லி அப்போது வாராவாரம் நாடே கைதட்டும் நாள். எதிர் வீட்டுக் குழந்தை பாத்திரத்தைக் கரண்டியால் தட்டியது. எல்லோரும் என்னைப் பார்த்துத்தான் தட்டினார்கள், எங்கள் தெருவில் நர்ஸ் நான் ஒருத்திதான். கைதட்டலுக்கு நடுவே நீங்கள் ஸ்டேஷன் பக்கம் நடந்துபோனதுதான் எனக்குக் கண்ணில் நின்றது. காரைக் கொடுத்துவிட்டு ரயில் பிடித்தோ நடந்தோ ஊர் திரும்ப வேண்டியவர் நீங்கள். அன்று காபிக் கடை இல்லை, பப் இல்லை, மெக்டொனால்ட்ஸ் இல்லை, எல்லாம் மூடிக் கிடந்தன. பொதுக் கழிப்பறைகள் பலவும் பூட்டியிருந்தன. லாரி ஓட்டுநர்களும் டெலிவரி ஓட்டுநர்களும் நாடு முழுக்க இதே பாட்டைப் பட்டார்கள் என்பது அப்புறம் செய்திகளில் வந்தது. நோயாளி எப்போது சிறுநீர் கழித்தார், எவ்வளவு என்று மணிக்கு மணி எழுதிவைப்பது என் தொழில். உங்கள் விஷயத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

உங்கள் கார் என்னைக் காப்பாற்றியது. மருத்துவமனைக்கு ஆறு மைல், திரும்ப ஆறு மைல், யார் மூச்சுக்கும் நான் பயப்பட வேண்டியதில்லை, என் மூச்சுக்கும் யாரும் பயப்பட வேண்டியதில்லை. காலையில் வந்ததும் சமையலறை ஜன்னல் வழியாக வயரை எடுத்து மாட்டிவிட்டுத் தூங்கப் போவேன். முழுதும் விரித்துத்தான் போடுவேன். சத்தமே இல்லாமல் ஓடும் அந்தக் காரில், நடுவழியில் ஓரமாக நிறுத்தி அழுத நாட்களும் உண்டு.

ஜூலை நடுவில் ஒரு விடியற்காலை, டியூட்டி முடிந்து கிளம்பும்போது இன்ஜின் தானாகவே உறுமத் தொடங்கியது. அத்தனை நாள் கேட்டிராத சத்தம். ஏதோ பழுது என்று நெஞ்சு படபடத்தது. பிறகு, தெருவோரச் சுவரில் உட்கார்ந்து நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. பெட்ரோல் போட்டுத் தொண்ணூறு நாள் ஆகப் போகிறது. பெட்ரோல் பங்க்குக்குப் போய் பதினைந்து லிட்டர் போட்டேன்.

அன்றே ஷோரூமுக்கு போன் செய்து உங்கள் பெயரைக் கேட்டேன். வெளியிலிருந்து ஒப்பந்தத்துக்கு வரும் ஓட்டுநர், விவரம் எங்களிடம் இல்லை என்றார்கள். அதனால்தான் இதை எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். உங்களுக்குத் தமிழ் தெரியாது. ஹாரோவில் கார் கொண்டுபோய்க் கொடுத்த ஒரு பெரியவரை இதைப் படிக்கும் யாருக்காவது தெரிந்திருந்தால், படித்துச் சொல்லட்டும்.

அத்தை நன்றாக இருக்கிறார். இப்போது பார்சல் கொண்டுவருகிறவர் யாரானாலும், அவரே இறங்கி வந்து, "பாத்ரூம் கீழேதான் இருக்கு, போய்ட்டு வாப்பா" என்கிறார். பெரும்பாலானவர்கள் திகைத்துப்போய் வேண்டாம் என்கிறார்கள். சிலர் போகிறார்கள்.

இப்படிக்கு,
ஹாரோவிலிருந்து அந்த நர்ஸ்