திரைப்படச் சங்கத்தின் ஆண்டறிக்கை: செயலாளர் பொதுக்குழுவில் வாசித்தது

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு திரையிடல்கள் மாதந்தோறும் நடந்தன. செயற்குழு ஒழுங்காகக் கூடியது. தீர்மானங்கள் எல்லாம் நடவடிக்கைப் புத்தகத்தில் இருக்கின்றன, வேண்டியவர்கள் புரட்டிப் பார்க்கலாம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஒலிபெருக்கி ஒன்று பாதிப் படத்தில் மௌன விரதம் பூண்டதும், அதைத் தட்டிக் கொட்டி ஓடவைத்ததும் உங்களுக்கே தெரியும். புதியது வாங்கியாகிவிட்டது. சரி, வழக்கமான பட்டியல் இத்தோடு போதும். உறுப்பினர்கள் இன்னும் பேசித் தீராத ஒரு திரையிடலைப் பற்றித்தான் இந்த அறிக்கையில் அதிகம் சொல்லப்போகிறேன்.

‘விசாஜ் விலாஜ்’ என்ற பிரெஞ்சு ஆவணப்படம் 2017-ல் வந்தது. ‘ஃபேசஸ் பிளேசஸ்’ என்றால் இன்னும் பலருக்குத் தெரியும். இயக்கியவர்கள் இரண்டு பேர். ஆன்யெஸ் வர்தா 1928-ல் பிறந்தவர், ஜே.ஆர். 1983-ல் பிறந்தவர். 55 வயது வித்தியாசம். வர்தா புகைப்படக்காரராகத் தொடங்கி 1950களிலேயே படம் எடுக்க வந்தவர். ஜே.ஆர். சுவர்களில் பிரம்மாண்டமான கறுப்பு வெள்ளைப் படங்களை ஒட்டிப் பேர் வாங்கியவர். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாமல் அவரைப் பார்ப்பது அரிது. இருவரும் ஒரு வண்டியில் ஏறி பிரான்சின் கிராமங்கள், சிற்றூர்கள் வழியாகச் சுற்றுகிறார்கள். வண்டியே ஒரு படக்கூடம். உள்ளே போய் உட்கார்ந்தால், ஆளைவிடப் பெரிய படம் வண்டியின் பக்கவாட்டிலிருந்து தாளாக வெளியே வருகிறது. அதை அந்த ஊர்ச் சுவரிலேயே பசை தடவி ஒட்டுகிறார்கள். படத்தில் நடப்பது அவ்வளவுதான். ஆனால் இரண்டு தலைமுறைக்காரர்கள் சேர்ந்து வேலை செய்வது என்றால் என்ன என்று அதில் பார்க்க முடிகிறது.

வடக்கே பழைய சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று வருகிறது. தெருவே காலி. ஒரே ஒரு பெண்மணி மட்டும், சுரங்கத் தொழிலாளியின் மகள், வீட்டை விட்டுப் போக மறுத்து அங்கேயே இருக்கிறார். தெருச் சுவர்களில் அந்தக் காலச் சுரங்கத் தொழிலாளர்களின் படங்களை ஆளுயரத்துக்கும் மேலாக ஒட்டுகிறார்கள். அவர் வீட்டு முகப்பில் அவருடைய முகமே. வெளியே வந்து அதைப் பார்த்ததும் அவருக்குப் பேச்சு வரவில்லை, கண் கலங்கிவிடுகிறது. வர்தா பக்கத்தில் போய் ஆறுதலாகப் பேசுகிறார். எனக்கு அந்த இடத்தில் தெரிந்தது இதுதான்: சாரத்தில் ஏறி ஒட்டுவது இளையவர்களின் வேலை. ஒட்டுவதற்கு முன்பு உட்கார்ந்து கதை கேட்பதும், ஒட்டிய பின்பு அங்கேயே நிற்பதும் பெரியவரின் வேலை. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் அது வெறும் சுவரொட்டிதான்.

ஒரு தொழிற்சாலையில் இரண்டு ஷிஃப்ட் ஆட்களைத் தனித்தனியாகப் படமெடுத்து, ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தை நோக்கிக் கை நீட்டுவதுபோல் சுவரில் சேர்க்கிறார்கள். லு ஆவ்ர் துறைமுகத்தில் தொழிலாளர்களைப் பற்றிப் பேச்சு வரும்போது, உங்கள் மனைவிமார் எங்கே என்று வர்தா கேட்கிறார். விளைவு, மூன்று பெண்கள் அடுக்கிய கன்டெய்னர்களின் உயரத்துக்கு எழுந்து நிற்கிறார்கள். அப்புறம் அந்தப் பெண்களே ஏறி, தங்கள் படத்தில் நெஞ்சு இருக்கும் இடத்தில் திறந்த கன்டெய்னருக்குள் உட்காருகிறார்கள். பெரும்பாலும் ஆண்களே வேலை பார்க்கும் இடம் அது. அந்தக் கேள்வியைக் கேட்க வர்தா போன்ற ஒருவர் வேண்டியிருந்தது, அந்த உயரத்துக்கு ஒட்ட ஜே.ஆர். போன்ற ஒருவர் வேண்டியிருந்தது.

நார்மண்டிக் கடற்கரைக் காட்சிதான் கலந்துரையாடலில் அதிக நேரம் எடுத்துக்கொண்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஜெர்மானியக் காங்கிரீட் அரண் ஒன்று மேட்டிலிருந்து மணலில் விழுந்து சாய்ந்து கிடக்கிறது. வர்தா 1954-ல் எடுத்த தன் நண்பர் கீ புர்தானின் படத்தை அதில் ஒட்டுகிறார்கள். அலை ஏறுவதற்குள் அவசர அவசரமாக வேலை. போர்க் கட்டடத்தின் மேல் தொட்டிலில் கிடப்பதுபோல் இளைஞர் ஒருவர். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் கடல் அதைத் துடைத்துவிட்டிருக்கிறது. ஒரு ராத்திரிக்கு இத்தனை பாடா, போனால் போகட்டுமே என்று மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னார். படத்தில் பதிந்துவிட்டதே, அதுதானே நிற்பது என்று கல்லூரி மாணவி ஒருவர் பதில் சொன்னார். வழக்கமாக இளையவர்கள் அழிவதைக் கொண்டாடுவார்கள், பெரியவர்கள் நிலைப்பதைக் கேட்பார்கள் என்று நினைப்போம். ஆனால் நம் அரங்கில் காப்பாற்றப் பேசியவர் இளையவர், போனால் போகட்டும் என்றது அந்தப் பெரியவரும் அவரோடு சேர்ந்த இன்னும் சில பெரியவர்களும்.

குறையே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. பொன்னியூ என்ற ஊரில் உணவகத்தில் வேலை செய்யும் பெண்ணைக் குடையோடு படமெடுத்து ஒரு சுவர் முழுக்க ஒட்டுகிறார்கள். வருகிறவர் போகிறவர் எல்லாம் அதன் முன் நின்று படம் எடுக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கோ கூச்சம், அவ்வளவு பெரிதாகத் தன்னைப் பார்ப்பதே சங்கடம். கேட்டுத்தானே எடுத்தார்கள் என்றனர் சிலர். கேட்டபோது சரி என்றவருக்கு எவ்வளவு பெரிதாக வரும் என்று தெரியுமா என்றனர் வேறு சிலர். இரண்டாவது கேள்வி எனக்கு நியாயமாகப் படுகிறது. அதே சமயம், அந்தச் சங்கடத்தை வெட்டி எறியாமல் படத்திலேயே வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கடைசியில் வர்தாவின் பழைய நண்பரான இயக்குநர் ழான்-லுக் கோதாரைப் பார்க்க சுவிட்சர்லாந்துக்குப் போய், பூட்டிய கதவின் முன் வர்தா மனமுடைந்து நிற்கும் பகுதி, கிராமத்துப் படத்தில் ஒட்டாமல் நிற்பதாகவே எனக்குத் தோன்றியது. பலர் மறுத்தார்கள். சரி, மறுக்கட்டும்.

கான் திரைப்பட விழாவில் ஆவணப்படங்களுக்கான ‘தங்கக் கண்’ விருது கிடைத்தது. பின்பு ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது. 2018-ல் பரிந்துரை பெற்றவர்களுக்கான விருந்துக்கு வர்தா போகவில்லை, அவருடைய ஆளுயர அட்டை உருவத்தைத்தான் ஜே.ஆர். கொண்டுபோனார். வர்தா 2019 மார்ச்சில் மறைந்தார்.

இனி நம் பக்கத்தில் நடந்தது. திரையின் அடியில் ஓடும் ஆங்கில வசன வரிகளை (சப்டைட்டில்) விரட்டிப் படிக்க முடியவில்லை என்பது மூத்த உறுப்பினர்களின் நெடுநாள் புகார். இந்தப் படத்துக்குத் தமிழ் வரிகள் தயாரிக்க இளைஞர் ஒருவர் முன்வந்தார். அச்சகத்தில் மெய்ப்பு பார்த்து ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர் திருத்தித் தருவதாகச் சொன்னார். முதல் நாளே சண்டை. இளைஞர் எழுதியது எதுவும் விடுபடாத நீண்ட வரிகள். பெரியவர் அவற்றைத் திரையில் ஓடவிட்டு உதடசைத்து வாசிப்பார். வாசித்து முடிக்குமுன் வரி மறைந்தால் சிவப்புப் பேனா விழும். பாதி வசனம் போய்விடுகிறதே என்று இளைஞர் கொதிக்க, முகத்தைப் பார்க்க விடு என்று பெரியவர் சொல்ல, பல மாலைகள் கழிந்தன. வேலை முடிந்தபோது இளைஞர் தானே வெட்டத் தொடங்கியிருந்தார், பெரியவர் கணினியில் வரியை நேரத்தோடு பொருத்தக் கற்றிருந்தார். பேச்சுவார்த்தை முழுதாகச் சீரானதா என்று கேட்டால், இல்லை. அடுத்து எந்தப் படம் என்று இப்போதே தகராறு.

அதை ஒட்டி செயற்குழு இரண்டு தீர்மானங்களைப் பொதுக்குழு முன் வைக்கிறது. ஒன்று, இனி எந்தத் திரையிடலின் அறிமுகத்தையும் வயதில் ஒருவருக்கொருவர் வெகுவாகத் தள்ளியிருக்கும் இரண்டு உறுப்பினர்கள் சேர்ந்து தயாரிக்க வேண்டும். தனித்தனியாகப் பேசிவிட்டு இறங்குவது கணக்கில் வராது. இரண்டு, வசன வரிக் குழு நிரந்தரக் குழுவாக வேண்டும். மாணவர் சந்தாவைக் குறைப்பது பற்றிப் பொருளாளருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்கிறது, அதை அவரே சொல்வார்.

அரங்கு தந்தவர்களுக்கும், நாற்காலி போட்டு எடுத்தவர்களுக்கும், திரையிடல் அனுமதிக்காகக் கடிதம் எழுதி அலுக்காத இணைச் செயலாளருக்கும் நன்றி. அறிக்கையை ஏற்று, இரண்டு தீர்மானங்களையும் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்